3எல் ஹெட் வெடிச்சிட்டு: புது ஹெட், புது கேம் போடக்குள்ள எதையெல்லாம் அளக்கணும்?

#1 செங்கலடிச் சந்தி

வணக்கம் எல்லாருக்கும். வண்டி ஹைலக்ஸ் எல்என்106, எஞ்சின் 3எல், 2779 சீசீ. காலையில ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசம் ஆகுறதுக்குள்ள ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுது. ரிசர்வ் டாங்கில விடாமக் குமிழி. வெளியில ஒரு சொட்டு ஒழுக்கு இல்ல, ஆனா கிழமைக்கு 2 லீட்டர் தண்ணி குறையுது. ஹெட்டைக் கழட்டிப் பார்த்தா 2ஆம், 3ஆம் சிலிண்டர்ல ரெண்டு வால்வு சீட்டுக்கும் இடையில வெடிப்பு. 3ஆவதுல வெடிப்பு சீட்டுக்குள்ளயே இறங்கியிருக்கு. கேம்ல, அதான் வால்வைத் திறக்கிற தண்டில, 4ஆவது எக்ஸோஸ்ட் மூக்கு அரிச்சு, பொருக்கு விட்டிருக்கு.

கேள்வி மூணு. ஹெட்டை வெல்ட் பண்ணி எடுக்கலாமா, இல்ல புதுசுதானா? கேமைக் கிரைண்ட் பண்ணலாமா? நெல்லு மூட்டையோட மஹியங்கனை 18 வளைவு ஏறுற வண்டி இது. கொஞ்சம் கூடுதலா இழுக்கிற மாதிரி லிஃப்ட் (வால்வு திறக்கிற அளவு) கூடின கேம் போட்டா பயன் இருக்குமா?

#2 கல்முனை லேத்து

தம்பி, வெடிப்பு சீட்டுக்குள்ள இறங்கிட்டு எண்டா அந்த ஹெட்டை மறந்திருங்க. 3எல் ஹெட் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பை வெல்ட் பண்ணணுமெண்டா முழு ஹெட்டையும் ஒரே சீராச் சூடாக்கி, வெல்ட் முடிஞ்ச பிறகு மணித்தியாலக் கணக்கில மெதுவா ஆறவிடணும். அந்த அளவு உலை எங்கட பக்கத்து லேத்துகளில இல்ல. சும்மா கேஸ் டோர்ச்சால அந்த இடத்தை மட்டும் சுட வைச்சு ஒட்டினா, ஒட்டுக்குப் பக்கத்தில இரும்பு கண்ணாடி மாதிரிக் கடினமாகிப் புதுசா வெடிக்கும். ரெண்டு சீட்டுக்கும் நடுவில இருக்கிற பாலம் ஒரு விரல் அகலம் கூட இல்ல. எஞ்சின்லயே கூடச் சூடாகிற இடமும் அதுதான். ஒட்டின இடத்தில சீட் கட்டரும் துள்ளும், சீட் வட்டமா வராது.

வெளிப்பக்கத் தண்ணிச் சுவரில வெடிப்பு எண்டா ஊசி அடிச்சுத் தைக்கலாம், அது நிக்கும். வால்வுப் பாலத்தில நிக்காது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில கழட்டின ஹெட் வாங்குறதெண்டா காசு குடுக்க முன்னம் பிரஷர் டெஸ்ட். தண்ணி ஓட்டையெல்லாம் தகடு வைச்சு அடைச்சு, 2 முதல் 3 பார் காத்து ஏத்தி, 80 பாகை சுடுதண்ணியில முக்கிப் பார்க்கணும். பச்சைத் தண்ணியில முக்கிக் காட்டிட்டு நல்லது எண்டு சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. இந்த வெடிப்புகள் இரும்பு சூடாகி விரிஞ்சாத்தான் வாய் திறக்கும்.

#3 டீசல்காக்கா, அக்கரைப்பற்று

கேமைப் பத்தி நான் சொல்லுறன்.

3எல் பக்கெட் வகை. வால்வுத் தலையில கவிழ்த்த கிண்ணம் மாதிரி பக்கெட், அதுக்கு மேல ஷிம் எண்ட வட்டத் தகடு. கேம் மூக்கு நேரா ஷிம்மில உதைக்கும், நடுவில ரொக்கர் எண்ட நெம்பு கை இல்ல. பழைய 2எல்லில ரொக்கர் இருந்தது, 2எல்-டூ வந்த பிறகுதான் பக்கெட். அதால பழைய 2எல் கேமைக் கொண்டு வந்து இதுக்குச் சரிவரும் எண்டு யாரும் தந்தா வாங்க வேணாம்.

கிரைண்ட் பண்ணினா மூக்கை மட்டும் அரைக்க ஏலாது, அடி வட்டத்தையும் சேர்த்துத்தான் அரைக்கணும். அடி வட்டம் அரை மி.மீ. குறைஞ்சா வால்வு இடைவெளி அதே அரை மி.மீ. கூடும். அவ்வளவையும் ஷிம்மாலதான் நிரப்பணும். பொருக்கு விட்ட கேம்ல மேல்தோல் கடினமும் போயிருக்கும், அரைச்சா அடியில இருக்கிற மெத்தை இரும்புதான் மிஞ்சும். புது கேம், அதோட புது ஷிம். பழைய ஷிம்மில கேம் ஓடின தடம் விழுந்திருக்கும், அது புது மூக்கைத் தின்னும்.

லிஃப்ட் கூடின கேம் இந்த எஞ்சினுக்கு வேணவே வேணாம். டர்போ இல்லாத, சுழல் அறை டீசல். கொம்பிரஷன் 22க்கு 1ஐ விடக் கூட. பிஸ்டன் மேல வரக்குள்ள புளொக்கை விட்டு வெளியில நீட்டுது, வால்வுக்கும் அதுக்கும் நடுவில இடமே இல்ல. கூடுதல் நேரம் திறந்திருக்கிற கேம் எண்டா இன்டேக் வால்வு பிந்தி மூடும். மெதுவாச் சுத்தக்குள்ள உள்ள வந்த காத்தில ஒரு பங்கு திரும்பி வெளியேறும். விடியக்காலம் ஸ்டார்ட் எடுக்காது, ஏத்தத்தில 1800 சுத்தில கிடைக்கிற இழுவையும் போயிரும். மூட்டை ஏத்துற வண்டிக்கு வேண்டியது அந்த 1800தான். கம்பனி அளவுக் கேம், சரியான வால்வு இடைவெளி, சரியான கேஸ்கெட், சுத்தமான நொசில். தொலைஞ்ச இழுவை இதிலயே திரும்பி வரும்.

இன்னொண்டு கேக்கணும். டீசல் பம்பின்ட பின்பக்கத்தில, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற புல்-லோட் ஸ்குரூவை யாரும் திருகியிருக்கா? லொக் நட்டில சாவி பட்ட தடம் இருக்கா பாருங்க.

#4 செங்கலடிச் சந்தி

பார்த்தன் காக்கா. லொக் நட் முனை மழுங்கியிருக்கு, சீல் இல்ல. ஏத்தத்தில கறுப்புப் புகையும் போறதுதான்.

புது வெறும் ஹெட் எடுக்கப் போறன். கேமை மேலால பிடிக்கிற கேம் கப் பழைய ஹெட்டில அஞ்சும் நல்லா இருக்கு, அதைப் பாவிக்கலாம்தானே?

#5 கல்முனை லேத்து

இல்ல. அதைச் செய்யவே கூடாது.

கேம் படுக்கிற அஞ்சு கிண்ணமும் கப் பூட்டின நிலையில ஒரே கம்பியால ஒரே தடவையில கடைஞ்சு எடுத்தது. கப்பும் ஹெட்டும் சோடி. பழைய கப்பைப் புது ஹெட்டில வைச்சா நடு அச்சு நூறில ஒரு பங்கு மி.மீ. கணக்கில விலகும். கேம் சுத்தும், ஆனா இறுக்கமா. கொஞ்ச நாளில கிண்ணத்தைச் சுரண்டும், இல்ல முறியும். புது ஹெட்டைக் கப்போட தருவாங்க, கப் இல்லாம வந்தா அதே கடையில திருப்பிக் குடுங்க.

ஹெட் கையில வந்ததும் மேசையில வைச்சு இதுகளைப் பாருங்க:

கேமை ஒயில் பூசிப் படுக்க வைச்சு, பக்கெட் ஒண்டும் போடாம, அஞ்சு கப்பையும் நம்பர் ஒழுங்கில, அம்புக்குறி முன்னுக்குப் பார்க்க 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க. இப்ப கேம் ரெண்டு விரலால சுத்தணும். எங்கயாவது பிடிச்சா அந்தக் கிண்ணம் நேர் இல்ல. பிறகு பிளாஸ்டிக் நூல் வைச்சு, அது நசிஞ்ச அகலத்தால ஒயில் இடைவெளி பாருங்க, 0.10 மி.மீ. தாண்டக் கூடாது.

அடியில சுழல் அறை மூடி நாலும் விரலால அழுத்தினா அசையக் கூடாது. மூடியில இருக்கிற வாய் பிஸ்டன் நடுவைப் பார்த்து இருக்கணும். மலிவு ஹெட்டுகளில மூடி திரும்பி அடிபட்டு வந்திருக்கும், அப்பிடி ஓட்டினா நெருப்பு சிலிண்டர் சுவரில படும். ஹெட் தளத்தை விட மூடி நீட்டி நிக்குதா எண்டு நேர்ச்சட்டம் வைச்சு நகத்தால தடவிப் பாருங்க.

தண்ணி வழி, ஒயில் வழியில வார்ப்பு மண் இருக்கும். புதுசுதானே எண்டு விடாதீங்க. கம்பி விட்டுக் கிண்டி, காத்தடிச்சு, மண்ணெண்ணெயில கழுவி, திரும்பவும் காத்து. ஒரு சிட்டிகை மண் போதும் கேம் கிண்ணம் அஞ்சையும் கெடுக்க.

5எல் ஹெட் கிடைக்குது, போடலாமா எண்டும் சிலர் கேப்பாங்க. 3எல் போர் 96 மி.மீ., 5எல் போர் 99.5. கேஸ்கெட் வேற. உங்கட எஞ்சினுக்கு உங்கட ஹெட்.

#6 படுவான்கரை

ஹெட்டைப் பத்தி எல்லாம் சொல்லிட்டாங்க. புளொக்கை ஒருத்தரும் அளக்கச் சொல்லல்ல.

3எல்லுக்கு ஹெட் கேஸ்கெட் மூணு தடிப்பு. விளிம்பில பி, டி, எஃப் எண்டு குத்தியிருக்கும். ஒண்டுக்கொண்டு 0.10 மி.மீ. வித்தியாசம். எது வேணும் எண்டு தீர்மானிக்கிறது பிஸ்டன் புளொக்கை விட்டு எவ்வளவு நீட்டுது எண்டது:

பி: 0.68 முதல் 0.77 மி.மீ.
டி: 0.78 முதல் 0.87
எஃப்: 0.88 முதல் 0.97

அளக்கிற விதம் இது. புளொக் தளத்தைப் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒண்டும் இல்லாமச் சுரண்டித் துடையுங்க. சுரண்டக்குள்ள தண்ணி ஓட்டையிலயும் சிலிண்டர்லயும் துணி அடைச்சு வையுங்க. காந்த அடியில டயல் கேஜைப் பூட்டி, ஊசியைப் புளொக்கில வைச்சு பூச்சியம் ஆக்குங்க. பிறகு ஊசியைப் பிஸ்டன் தலைக்குக் கொண்டு போய், எஞ்சினைக் கையால முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டி ஆகக்கூடின அளவை எழுதுங்க. ஒரு பிஸ்டனில ரெண்டு இடம், ரெண்டும் பிஸ்டன் பின் போற கோட்டுக்கு மேல, அதாவது எஞ்சின்ட முன்பக்கமும் பின்பக்கமும். இடது வலது பக்கம் ஊசி வைச்சா பிஸ்டன் சாயும், பொய் அளவு காட்டும். தலையில இருக்கிற கரியையும் துடைச்சிருக்கணும், கரியே 0.10 இருக்கும்.

எட்டு அளவில ஆகப் பெரிசு எதுவோ அதுக்குத்தான் கேஸ்கெட். சராசரி எடுக்கப்படாது.

மெல்லிசு போட்டா பிஸ்டன் ஹெட்டில தட்டும். தடிப்புப் போட்டா கொம்பிரஷன் இறங்கி, காலையில வெள்ளைப் புகை, டீசல் மணம், ஸ்டார்ட் பிந்தும். கனபேர் ஹெட் மாத்தின பிறகு பம்பையும் நொசிலையும் பிரிச்சுக்கொண்டு அலையுறது இதுக்குத்தான்.

#7 செங்கலடிச் சந்தி

அளந்தன். 1ஆவது 0.74, 0.73. 2ஆவது 0.79, 0.81. 3ஆவது 0.78, 0.78. 4ஆவது 0.75, 0.76. கடையில தந்தது பி.

#8 படுவான்கரை

0.81தான் உங்கட அளவு, டி வேணும். பியைத் திருப்பிக் குடுங்க. புளொக் தளம் நேரா இருக்கா எண்டும் ஒருக்காப் பாருங்க. நேர்ச்சட்டத்தை நீளம், அகலம், ரெண்டு மூலைவிட்டம் எண்டு வைச்சு அடியில பீலர் கேஜ் எண்ட மெல்லிய அளவுத் தகடு விடுங்க, 0.20 போகக் கூடாது.

#9 டீசல்காக்கா, அக்கரைப்பற்று

வால்வு இடைவெளியை ஹெட் மேசையில இருக்கக்குள்ளயே எடுத்திருங்க, வண்டியில குனிஞ்சு நிண்டு ஷிம் மாத்துறதை விட நூறு மடங்கு லேசு. ஆனா ஹெட்டைத் தட்டை மேசையில வைக்காதீங்க. கேம் சுத்தக்குள்ள வால்வு அடியில இறங்கும், மேசையில குத்தி வளையும். ரெண்டு பக்கமும் மரக்கட்டை குடுத்துத் தூக்கி வையுங்க.

எஞ்சின் குளிரா இருக்கக்குள்ள இன்டேக் 0.20 முதல் 0.30, எக்ஸோஸ்ட் 0.40 முதல் 0.50. நடு அளவுக்கு வையுங்க.

இன்டேக்: புது ஷிம் = இப்ப இருக்கிற ஷிம் + (அளந்த இடைவெளி − 0.25)
எக்ஸோஸ்ட்: புது ஷிம் = இப்ப இருக்கிற ஷிம் + (அளந்த இடைவெளி − 0.45)

எக்ஸோஸ்ட் ஒண்டில 2.70 ஷிம் இருக்கு, இடைவெளி 0.62 எண்டு வையுங்க. 2.70 கூட்டல் 0.17, வாறது 2.87. ஷிம் 0.05 படியில வருது, அதால 2.85. இடைவெளி 0.47இல நிக்கும், நல்லம். இன்டேக்கில 2.80 ஷிம், இடைவெளி 0.12 எண்டா 2.67 வரும். 2.65 போட்டா 0.27.

ஷிம்மில அச்சடிச்ச நம்பரை நம்பாம மைக்ரோமீட்டரால அளங்க. இருக்கிறதில மெல்லிய ஷிம் போட்டும் இடைவெளி வரல்ல எண்டா வால்வுத் தண்டு மேல வந்திட்டு, சீட் கூடுதலா ஆழம் வெட்டுப்பட்டிட்டு எண்டு அர்த்தம். லேத்துக்குத் திருப்பி அனுப்புங்க. எக்ஸோஸ்ட் இடைவெளி நாள் போகப் போகக் குறையும், கூடாது. சீட் தேய்ஞ்சு வால்வு மேல ஏறுறதால. சத்தம் வரல்லயே எண்டு சும்மா விட்டா வால்வு முழுசா மூடாம எரிஞ்சிரும்.

கேம் கப்பைக் கழட்டுறதெண்டாலும் பூட்டுறதெண்டாலும் ஒரு கப்பை மட்டும் முழுசாத் திருகாதீங்க. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா. அடியில ஸ்பிரிங் தள்ளிக்கொண்டு நிக்குது, கேம் முறியுறது அந்த இடத்திலதான்.

#10 ஒலுவில் ஐஸ்லொறி

ஹெட் போல்ட் அனுபவத்தில இறுக்கிட்டு 500 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்ப இறுக்கினாச் சரிதானே? எல்லா இடமும் அப்பிடித்தான் செய்யுறாங்க.

#11 படுவான்கரை

3எல்லுக்குச் சரியில்ல காக்கா. இது கோணத்தால இறுக்கிற போல்ட். இழுபட்ட நிலையில ஸ்பிரிங் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். 500க்குப் பிறகு திரும்பவும் இழுத்தா கூடுதலா நீண்டு பிடி தளரும்.

போல்ட் 18. நீளம் வித்தியாசம், கழட்டக்குள்ள அட்டையில ஹெட் படம் கீறி அந்தந்த இடத்தில குத்தி வையுங்க. புது செட் எடுக்கிறது நல்லம். புளொக் ஓட்டையில தண்ணியோ ஒயிலோ தேங்கி நிண்டா காத்தடிச்சு எடுத்திருங்க. நிரம்பின ஓட்டையில போல்ட் இறங்கினா தண்ணி நசியாது, புளொக்தான் வெடிக்கும்.

மரையிலயும் தலைக்கு அடியிலயும் மெல்லிசா எஞ்சின் ஒயில். நடுவில தொடங்கி வெளிப்பக்கமா, மூணு சுத்தில 78 நியூட்டன் மீட்டர். பிறகு ஒவ்வொரு தலையிலயும் வண்டி முன்னுக்குப் பார்க்கிற பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி வையுங்க. அதே ஒழுங்கில 90 பாகை, எல்லாம் முடிஞ்ச பிறகு திரும்ப 90. கடைசியில 18 புள்ளியும் பின்னுக்குப் பார்க்கணும். ஒண்டு பக்கவாட்டில நிண்டா அது தப்பினது. கழட்டக்குள்ள இதுக்கு எதிர், வெளியில இருந்து நடுவுக்கு.

ஹெட்டை இறக்க முன்னம் நாலு பிஸ்டனையும் பாதி வழியில நிப்பாட்டுங்க. கேமை அடையாளத்துக்குக் கொண்டு வந்த பிறகுதான் கிராங்கை மேலுக்குக் கொண்டு போறது. மாறிச் செஞ்சா வால்வு வளையும். டைமிங் பெல்ட் புதுசு, டென்ஷனரும் புதுசு. கேம் புல்லி, பம்ப் புல்லி, கிராங்க் மூணு அடையாளமும் சேர்ந்த பிறகு கையால ரெண்டு முழுச் சுத்து, திரும்பப் பாருங்க. கை தடைப்பட்டா பலவந்தம் பண்ணாதீங்க. பெல்ட் 100,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா. அறுந்தா இந்தப் புது வேலை எல்லாம் போச்சு.

நொசில் 64 நியூட்டன் மீட்டர், அடியில புது செப்புச் சீட்.

#12 வாழைச்சேனை

எங்கட எல்200, 4டி56. இதே அளவு பாவிக்கலாமா?

#13 கல்முனை லேத்து

ஒண்டும் பாவிக்காதீங்க. அது அலுமினிய ஹெட், ரொக்கர் வகை, இடைவெளி சூட்டில ரெண்டு பக்கமும் 0.25. பெல்ட்டும் ரெண்டு, பலன்ஸ் சாப்டுக்கு ஓடுற சின்ன பெல்ட் அறுந்தா பெரிசையும் இழுத்துக்கொண்டு போகும். ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. தனி இழை ஒண்டு தொடங்குங்க, எழுதுறம்.

#14 ஒலுவில் ஐஸ்லொறி

புது கேம் எண்டா ஸ்டார்ட் ஆன உடனயே 2000 சுத்தில 20 நிமிசம் வைக்கணும் எண்டு கேள்விப்பட்டிருக்கன்.

#15 டீசல்காக்கா, அக்கரைப்பற்று

அது தண்டால தள்ளுற கேமுக்குச் சொல்லுறது. இதில மூக்குக்கும் ஷிம்முக்கும் நல்லா ஒயில் பூசி, முதல்ல ஒயில் பிரஷரை எழுப்புறதுதான் முக்கியம். பம்பில டீசல் நிப்பாட்டுற வயரைக் கழட்டிட்டு, ஹீட்டர் பிளக் நாலும் வெளியில, 10 செக்கன் படி ஸ்டார்ட்டரைச் சுத்துங்க, ஒயில் லைட் அணையும் வரைக்கும். கொம்பிரஷனும் அப்பவே எடுத்திரலாம். பிறகு எல்லாம் பூட்டி, பில்டர் மேல இருக்கிற கைப்பம்பால காத்தை எடுத்து ஸ்டார்ட்.

காத்து முழுசாப் போகாத கூலன்டோட 2000இல 20 நிமிசம் வைச்சா, புது ஹெட்டில மேல் மூலையில ஆவி நிண்டு அண்டைக்கே வெடிப்பு தொடங்கும். முன்பக்கத்தை உயர்த்தி நிப்பாட்டி, ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாம ஐடில்ல விட்டு, குமிழி நிக்கும் வரைக்கும் ஊத்துங்க.

இனி நான் கடைசியாச் சொல்லுறது, ஆனா முதல்ல செய்ய வேண்டியது. ஹெட் தானா வெடிக்கல்ல. ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டினா காத்துக் கூடாது. கறுப்புப் புகையா வாறது எரியாத டீசல், அதோட எக்ஸோஸ்ட் சூடும் ஏறும். அந்தச் சூடு முதல்ல பிடிக்கிறது ரெண்டு வால்வுக்கும் நடுவில இருக்கிற பாலத்தைத்தான். பம்பை டெஸ்ட் பெஞ்சில ஏத்தி அளவுக்குக் கொண்டு வாங்க, நொசில் நாலையும் அதே தடவையில பாருங்க. இதைச் செய்யாமப் புது ஹெட் போட்டா அதுவும் அதே இடத்திலதான் வெடிக்கும்.

ரேடியேட்டரையும் வெளியில எடுங்க. வெள்ளாமை வெட்டுக் காலத்தில வயல் வழி ஓடுற வண்டியில ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில பதரும் தூசும் பாய் மாதிரிப் படிஞ்சிருக்கும். முன்னுக்கு நிண்டு பார்த்தா தெரியாது. எஞ்சின் பக்கத்தில இருந்து முன்னுக்குத் தண்ணி அடிக்கணும், முன்னுக்கு இருந்து அடிச்சா இன்னும் உள்ளுக்கு இறுகும். வாவிக் கரைக் கிணத்துத் தண்ணி ஊத்தியிருந்தா உள்பக்கமும் உப்புப் பிடிச்சிருக்கும், ஆசிட் ஊத்திக் கழுவுறதை விட மேல் டாங்கைத் திறந்து கோர்ல கம்பி விடுறது நல்லம். இனிமேல் கூலன்ட் பாதி, பெற்றிக்கு ஊத்துற வடிச்ச தண்ணி பாதி.

சூடாகுது எண்டு தேர்மோஸ்டட்டைக் கழட்டி எறியாதீங்க. அதின்ட அடித் தட்டு சூடானதும் பைபாஸ் வழியை மூடுற தட்டு. அது இல்லாட்டி சுடுதண்ணி ரேடியேட்டருக்குப் போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். புதுசு போடுங்க, ஆடுற சின்ன ஊசி மேல் பக்கம். ரேடியேட்டர் மூடியும் 0.9 புதுசு.

#16 செங்கலடிச் சந்தி

எல்லாம் முடிஞ்சுது. டி கேஸ்கெட், புது போல்ட். பம்ப் பெஞ்சில ஏறி வந்திட்டு, டீசல் கூட விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கு. கொம்பிரஷன் 31, 30, 31, 30. மேல் ஹோஸ் எஞ்சின் சூடான பிறகும் கையால அமத்தக் கூடியதா இருக்கு. ரேடியேட்டருக்கு முன்னால ஒரு சாக்குப் பதர் வந்தது காக்கா.

ஒண்டு மட்டும்: எஞ்சின் நல்லாச் சூடா இருக்கக்குள்ள நிப்பாட்டினா, பேன் மூணு நாலு சுத்துச் சும்மா சுத்திட்டுத்தான் நிக்குது.

#17 டீசல்காக்கா, அக்கரைப்பற்று

கொம்பிரஷன் நல்லம். புதுசுக்கு 32 (கிலோ/ச.செ.மீ.), ஆகக் குறைஞ்சது 20, ஒண்டுக்கொண்டு 5க்கு மேல வித்தியாசம் வரக் கூடாது. உங்களுக்கு 1தான்.

பேன் கிளட்ச்சில சிலிக்கோன் ஒயில் போயிட்டு. சூட்டில நிப்பாட்டின உடன பேன் பிடிச்ச மாதிரி நிக்கணும். நடுவில ஒயில் கசிஞ்ச தடம், அதில தூசி ஒட்டியிருக்கும் பாருங்க. சமதரையில ஓடுற காத்தில தெரியாது, மூட்டையோட ரெண்டாம் கியர்ல 18 வளைவு ஏறக்குள்ளதான் தெரியும். அதை மாத்தின பிறகு லோட் ஏத்துங்க.